தூக்கமெல்லாம் கேஸில் நிற்குமா

மண்ணூர்
9 மார்ச் 2025

மனுதாரர் பூமாரி அவர்களுக்கு,

நான்காவது எதிரி பிரவீனா எழுதிக்கொள்வது. முதலில் "அண்ணி" என்று எழுதி அடித்தேன். பிறகு "பூ" என்று எழுதி அதையும் அடித்தேன். எஃப்.ஐ.ஆரில் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று மனுதாரர் என்றே போட்டுவிட்டேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள், எனக்கென்ன.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். அனுப்பினதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. உன் ரூம் அட்ரஸை நம் லைன் சூப்பர்வைசர் நரசிம்மன் சாரிடம் கெஞ்சி வாங்கினேன். மண்ணூரிலிருந்து பென்னலூருக்கு பஸ் ஏறினால் டீ ஆறுவதற்குள் வந்துவிடலாம். ஆனால் எதிரி போய் மனுதாரரைப் பார்த்தால் மிரட்டியதாக ஆகிவிடுமாம், அண்ணனுடைய வக்கீல் சொன்னார். அதனால் ஸ்டாம்ப் ஒட்டுகிறேன். தபால்காரரை நீ பிளாக் செய்ய முடியாது.

உன் புகாரின் நகல் வந்துவிட்டது. ஹாலில் உட்கார்ந்து ஹேமந்த் அண்ணன் சத்தமாக வாசித்தான். "கணவர், மாமனார், மாமியார், நாத்தனார் ஆகிய நால்வரும் ஒன்றுசேர்ந்து காரும் நகையும் கேட்டு, தகாத வார்த்தைகளால் திட்டி, அடித்து உதைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்த முயன்றனர்." எல்லாம் ஒரே வாக்கியம். எப்போது என்றால், "பல நாட்களாக".

அப்பா என் பக்கம் திரும்பினார். "நான் எப்பம்மா ஒதச்சேன்? கால தூக்கினாலே முட்டி புடிச்சிக்குது" என்றார். அம்மா சமையலறைக்குள் போய் அலமாரியை எல்லாம் திறந்து பார்த்தாள். "மண்ணெண்ண எங்கடி கீது நம்ம வூட்ல? ஸ்டவ்வயே பழைய இரும்புக்குப் போட்டாச்சே" என்றாள். நிஜமாகவே தேடினாள், பூ. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணன் முறைத்தான்.

நீ இன்ஸ்பெக்ஷன் டேபிளில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவள். கார் கதவு ரப்பரில் ஒரு வெட்டு இருந்தால் சிவப்பு டேகில் என்ன எழுதுவாய்? என்ன குறை, எந்த முனை, எந்த மெஷின், எந்த ஷிஃப்ட். ஒருமுறை நான் அவசரத்தில் "சரியில்லை" என்று மட்டும் எழுதி ஒரு பெட்டியையே தள்ளினேன். "பெட்டி என்னட்டி செஞ்சுது? எந்தப் பீஸுன்னு சொல்லு" என்று மொத்த லைன் முன்னாலும் என் மானத்தை வாங்கினாய். இப்போது எங்கள் குடும்பத்தையே ஒரு பெட்டியாகத் தள்ளிவிட்டாயே, இது எந்த ஊர் நியாயம்?

நான் உன்னிடம் கேட்ட வரதட்சணை ஒரு மை டப்பா. அதையும் நீ தரவில்லை.

பிரவீனா


பென்னலூர்
15 மார்ச் 2025

பிரவீனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குத் தபால் வந்ததை ரூமில் இருக்கிற பெண்கள் இன்னும் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உன் அப்பா முட்டியைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நாம் இரண்டு பேரும் நைட் ஷிஃப்ட் முடித்து ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவோம். நீ நேராக உன் அறைக்குப் போய்ப் படுப்பாய். உன் அண்ணன் எங்கள் அறையைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். (இன்னமும் மரியாதையாகத்தான் எழுதுகிறேன் பார். கைப்பழக்கம்.) ஹாலில் படுக்கலாம் என்றால் பாயைச் சுருட்டி உன் அம்மா பரணில் போட்டிருப்பார். "கார் வந்தாத்தான் படுக்க. அதுவரிக்கும் தூக்கத்த உங்கப்பன் எலுமிச்சந் தோட்டத்துல வச்சிக்கோ" என்பார். சுவரில் சாய்ந்தால் டிவி சத்தம் ஏறும். கண் மூடினால் மிக்ஸி ஓடும். சாயங்காலம் மறுபடி பஸ். நைட் வந்த வாரமெல்லாம் இப்படித்தான். இன்ஸ்பெக்ஷன் டேபிளில் தலை சாய்ந்து இரண்டு தடவை வார்னிங் வாங்கினேன். மூன்றாவது வருவதற்குள் வேலையை நானே விட்டுவிட்டேன். புளியங்குடியிலிருக்கிற தோட்டத்தை விற்றுக் கார் வாங்கித் தரச் சொல்லி அப்பாவுக்கு நான் போன் பண்ண வேண்டும், அதற்குத்தான் இத்தனையும்.

புகார் எழுத என் அம்மாவின் தம்பி கோமதிநாயகம் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மனு டைப் அடிக்கிற அப்பாவு என்பவரிடம் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "தூக்கமெல்லாம் கேஸ்ல நிக்குமாம்மா? அடிச்சாங்களா, கொளுத்தப் பாத்தாங்களா, அத்த சொல்லு" என்றார். இல்லை என்றேன். "இல்லன்னா எப்டி? எல்லா மனுவுலயும் போடறதுதான்" என்று அவரே அடித்துக்கொண்டு போனார். மாமாவும், "அவரு எத்தன மனு பாத்தவரு, போடட்டும்ட்டி" என்றார். எனக்கிருந்த தூக்கத்தில் என் தலையெழுத்தையே கொடுத்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் ஒன்று. உன் பெயர் அதில் இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாய், பிரவீ.

உங்கள் வீட்டிலிருந்து எனக்கு ஒரு கரண்டிகூட வேண்டாம். எனக்கு நடந்தது கொடுமைதான் என்று ஒரு ஜட்ஜ் வாயால் சொல்ல வேண்டும். மாமியார் மருமகள் சண்டை, எல்லா வீட்டிலும் உள்ளதுதான் என்று எவரும் இனிமேல் என்னிடம் சொல்லக் கூடாது. அது போதும் எனக்கு.

பூமாரி


மண்ணூர்
22 மார்ச் 2025

பூ,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

உன் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸில் வைத்துப் படித்தேன். பக்கத்து சீட்டுப் பெண் காதல் கடிதம் என்று நினைத்து எட்டி எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தினது நிஜம். அதற்கு முன்னால் இரண்டு தடவை உன்னை என் அறைக்குக் கூப்பிட்டதும் நிஜம். அம்மா வந்து உன் தலைக்குக் கீழே இருந்து தலையணையை உருவிக்கொண்டு போனதை மறந்துவிட்டாயா? இரண்டையும் தராசில் போட்டுப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. நீயே போட்டுக்கொள்.

இப்போது ஒரு சேதி. இதை உன்னிடம் சொன்னேன் என்று தெரிந்தால் என்னை வீட்டை விட்டே துரத்துவார்கள்.

நேற்று வக்கீல் வீட்டுக்கு வந்தார். உன் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, பெண் பார்க்க வந்தவன்கூட அப்படிச் சிரிக்க மாட்டான். "இந்த மாரி புகார் கெட்ச்சா எங்களுக்கு வேலையே கிடையாது சார்" என்றார். யார் எதைச் செய்தார் என்று தனித்தனியாக இல்லை, தேதி இல்லை, அடித்ததற்குக் காயம் இல்லை, ஆஸ்பத்திரி சீட்டு இல்லை. குடும்பத்தையே மொத்தமாகச் சேர்த்த புகார் என்று ஐகோர்ட்டில் மனுப் போட்டால் ரத்தாக நிறைய வாய்ப்பு இருக்கிறதாம். அப்படியே விசாரணைக்குப் போனாலும் மண்ணெண்ணெய் ஒன்று போதுமாம். "அந்தப் பொண்ண கூண்டுல ஏத்தி, எந்தக் கேன், எந்தக் கலரு, எங்க வாங்குனாங்கன்னு மூணு கேள்வி. அதுக்கு மேல அது இன்னா சொன்னாலும் ஜட்ஜ் நம்ப மாட்டாரு" என்றார்.

அண்ணன் சிரித்தான். அம்மா அவருக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தாள்.

என் காபியை நான் தொட்டியில் கொட்டிவிட்டேன், பூ. நடக்காத ஒன்றை எழுதி, நடந்ததை எல்லாம் நீயே பொய்யாக்கிக்கொண்டாய். அப்பாவு டைப் அடித்தார், நீ தூக்கத்தில் இருந்தாய், எல்லாம் சரி. இப்போது தூங்கி எழுந்துவிட்டாய் அல்லவா? போய் ஒரு நல்ல வக்கீலைப் பார்.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. வேண்டாம், கிழிக்காதே. என் கையெழுத்து இதில்தான் கொஞ்சம் லட்சணமாக வந்திருக்கிறது.

பிரவீனா


பென்னலூர்
2 ஏப்ரல் 2025

பிரவீ,

போனேன். இலவச சட்ட உதவியில் மெர்சி என்று ஒரு வக்கீல் அக்காவைப் போட்டுக் கொடுத்தார்கள். புகாரைப் படித்துவிட்டு முதலில் அவர் கேட்ட கேள்வி, "இதுல உனக்கு நடந்தது எதும்மா?" காரைத் தவிர ஒன்றுமில்லை என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி, நடந்தத சொல்லு" என்றார். சொன்னேன். நடுவில் ஒரு தடவைகூடத் தூக்கமெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கவில்லை.

அடித்த காயம் இருந்தால்தான் கொடுமை என்று சட்டத்தில் இல்லையாம். சொத்தோ காரோ வாங்கித் தரச் சொல்லி நெருக்குவதற்காக ஒருத்தியை வதைத்தால் அதுவும் கொடுமைதானாம். ஆனால் யார், எப்போது, என்ன செய்தார், என்ன சொன்னார் என்று ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டும். நீ சொன்ன சிவப்பு டேக் கதையை அவரிடம் சொன்னேன். "அந்த நாத்தனார் சட்டம் படிக்கலாமே" என்றார். தலைக்கு ஏற்றிக்கொள்ளாதே.

மண்ணெண்ணெயைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "ஒரு பொய் போதும் பூமாரி, உன் நிஜத்த எல்லாம் கையோட கூட்டிட்டுப் போயிடும். நீயே போய் அது நடக்கலன்னு சொல்லணும். கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார்.

அப்புறம் கேட்டார், "தூங்க விடாம செஞ்சத வேற யாரு பாத்தது?"

"நாலாவது எதிரி" என்றேன்.

மெர்சி அக்கா சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நரசிம்மன் சார் நான் வேலையில் தூங்கி விழுந்ததைச் சொல்லுவார். வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கு உன்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. ஆனால் உன்னிடம் கேட்கக் கூடாது என்று மெர்சி அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெயரை எடுக்கிறேன், சாட்சி சொல்லு என்று பேரம் பேசினால் உன் சாட்சியும் கெடும், என் வாக்குமூலமும் கெடுமாம். ஆகவே கேட்கவில்லை. இந்தக் கடிதத்தில் எந்த வரியிலும் நான் கேட்கவில்லை, சரியா?

கோமதிநாயகம் மாமாவுக்கு விஷயம் தெரிந்து போனிலேயே குதிக்கிறார். "பேர எடுத்தீன்னா கேஸ் சப்புன்னு போயிரும்லா. நாலு பேரும் உள்ள இருந்தாத்தான் பயப்படுவான்" என்கிறார். பயப்படுத்துவதற்கா நான் புகார் கொடுத்தேன் என்று எனக்கே ஒரு நாள் முழுக்க யோசனையாக இருந்தது.

பூ


மண்ணூர்
11 ஏப்ரல் 2025

பூ,

நீ கேட்கவில்லை என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். இதற்கு நேரடியாகக் கேட்டே இருக்கலாம்.

என் நிலைமையையும் கேள். அவள் என் அம்மா. உன்னைப் படுத்தினாளே, அதே தாயாரம்மாள்தான் நான் நைட் முடித்து வந்தால் யாரும் காலிங் பெல் அடிக்காமல் இருக்க வாசலில் நாற்காலி போட்டு உட்காருவாள். மகளுக்குத் தூக்கம் வேண்டும் என்று தெரிகிறது. மருமகளுக்கு வேண்டாம் என்பதும் அதே தலையில்தான் தோன்றுகிறது. நான் என்னதான் செய்வேன், சொல்லு. நான்கு நாளாக இதையே நினைத்து லைனில் இரண்டு நல்ல பீஸைத் தள்ளிவிட்டேன்.

இருக்கட்டும். உனக்கு ஒரு நல்ல சேதி. எங்கள் வீட்டில் உனக்கென்று ஒரு கட்டில் வந்துவிட்டது.

நிஜமாகத்தான் சொல்லுகிறேன். போலீஸ் வீட்டைப் பார்க்க வரும் என்று யாரோ சொன்னார்களாம். அண்ணன் ஒரு மினி லாரியில் இரும்புக் கட்டில் கொண்டுவந்து ஹால் மூலையில் போட்டான். பூப்போட்ட பெட்ஷீட், இரண்டு தலையணை. "பகலில் மருமகள் தூங்குவதற்கென்றே தனிக் கட்டில் கொடுத்திருந்தோம்" என்று சொல்லப் போகிறார்களாம். அம்மா பெருமையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். மெத்தைமேல் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுக்க மறந்துவிட்டார்கள். போட்டோவில் அது பளபளவென்று மின்னுகிறது.

அப்பா அந்தக் கட்டிலில் உட்கார மாட்டேன் என்கிறார். "மருமவ கட்டிலு, எனக்கு எதுக்கு" என்று தரையிலேயே உட்காருகிறார். முட்டி வலியோடு எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடிக்கிறார். கேலியாகச் சொல்லுகிறாரா, மனசு கேட்காமல் சொல்லுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

என்னிடம் எதுவும் கேட்காதே. கேட்கவில்லை என்றும் எழுதாதே.

பிரவீனா


பென்னலூர்
20 ஏப்ரல் 2025

பிரவீ,

கொடுத்துவிட்டேன். கூடுதல் வாக்குமூலம் என்று அதற்குப் பெயர்.

ஸ்டேஷன் வாசலிலேயே நின்றுவிட்டேன். பொய்ப் புகார் கொடுத்ததாக என் மேலேயே கேஸ் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தேன். மெர்சி அக்கா என் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பையை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

இன்ஸ்பெக்டர் அம்மாவிடம், மண்ணெண்ணெய் நடக்கவில்லை, அடித்து உதைத்ததும் நடக்கவில்லை, டைப் அடித்தவர் போட்டார், தடுக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு என்று சொன்னேன். நல்ல திட்டு வாங்கினேன். "உங்கள மாதிரி ஆளுங்களாலதாம்மா நெஜமா கொளுத்துனவன்லாம் தப்பிக்கிறான்" என்றார். அந்தச் சொல் எனக்கு இன்னும் எரிகிறது. நியாயமான சொல்.

பிறகு நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே அவர் முகம் இளகிவிட்டது. "நைட் டூட்டி முடிச்சி வந்து தூங்கலன்னா மறுநாளு பைத்தியம் மாதிரி இருக்கும். எனக்குத் தெரியாதா" என்றார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரப் பெண்ணும் தலையாட்டினார். அவரே இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

ஆளுக்கு ஆள் சொன்னேன். கணவர் ஹேமந்த்: அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனது, காருக்காகத் தூங்க விடாதே என்று சொன்னது. மாமியார் தாயாரம்மாள்: பாயைச் சுருட்டியது, கார் வந்தால்தான் படுக்கலாம் என்றது. எந்தெந்த வாரம் என்பதற்கு நம் நைட் ஷிஃப்ட் வாரங்களைச் சொன்னேன். மாமனார் முனிரத்தினம்: எதுவும் செய்யவில்லை, எதுவும் சொல்லவும் இல்லை. நாத்தனார் பிரவீனா: எதுவும் கேட்கவில்லை, துன்புறுத்தவில்லை, இரண்டு தடவை தன் அறையில் படுக்கக் கூப்பிட்டாள்.

கதவைச் சாத்தினதைச் சொல்லவில்லை. அது கேஸ் இல்லை. அது உனக்கும் எனக்கும்.

மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மாவுக்குப் போன் பண்ணி நான் நன்றாக இருக்கிறேனா என்று மட்டும் தினம் கேட்டுக்கொள்கிறாராம்.

பூ


மண்ணூர்
4 மே 2025

பூ,

எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கிறது. காரணம் கேட்டால் நீ நம்ப மாட்டாய். மண்ணெண்ணெய் போய்விட்டது.

வக்கீல் உன் புது வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு நம்ம ஆயுதத்தயே எட்துகினு பூட்ச்சே" என்றார். என் பெயரும் அப்பா பெயரும் வெளியே வந்துவிட்டதற்கு ஒருத்தருக்கும் சந்தோஷமில்லை. அப்பாவுக்கு மட்டும்தான். வாக்குமூலத்தில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று என்னை வாசிக்கச் சொன்னார். "எதுவும் செய்யவில்லை, எதுவும் சொல்லவும் இல்லை" என்று வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் எழுந்து கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது எல்லாம் என் தலைமேல் வந்து நிற்கிறது. நான் எதிரி இல்லை என்று ஆகிவிட்டதால் அவர்கள் பக்கத்துச் சாட்சியாக என்னைக் கொண்டுவருவார்களாம். போலீஸ் கேட்கும்போது, அந்தக் கட்டில் கல்யாணமான நாளிலிருந்து ஹாலில் இருந்தது, பூமாரி தினமும் அதில்தான் தூங்கினாள் என்று நான் சொல்ல வேண்டுமாம். "ஒரே ஒரு வார்த்த தான பிரவீ, அண்ணனுக்காக" என்று ஹேமந்த் கெஞ்சுகிறான். சின்ன வயசில் எனக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தவன். அம்மா எனக்குப் பிடித்த காராமணி வடையாகச் சுட்டுத் தள்ளுகிறாள். வாய் நிறைய வடையோடு நான் தலையை ஆட்டவும் முடியவில்லை, முடியாது என்று சொல்லவும் முடியவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாமா? ஒன்றும் பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் இரண்டு பக்கமும் தப்பித்துவிடலாம். அப்பா இத்தனை வருஷம் அப்படித்தானே இருந்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, பூ.

பிரவீனா


பென்னலூர்
8 மே 2025

பிரவீ,

பயப்படு. நானும் பயந்துகொண்டேதான் படியேறினேன்.

இதற்கு மேல் இதில் நான் எதுவும் எழுத மாட்டேன். என்ன சொல்லலாம் என்று நான் ஒரு வரி எழுதினாலும் அது உன் சாட்சி இல்லை, என் சாட்சி. நீ என்ன சொன்னாலும் உனக்குக் கடிதம் போடுவதை நிறுத்த மாட்டேன். அதை மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன், மெர்சி அக்காவிடம் கேட்கவில்லை.

வெயில் கொளுத்துகிறது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடாதே, அந்தப் பக்கம்தான் வெயில்.

பூ


மண்ணூர்
14 ஜூன் 2025

பூ,

நேற்று மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லிவிட்டேன்.

வீட்டில் அண்ணன் மிரட்டினால் போலீஸில் சொன்னதை நான் பின்னால் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று, இன்ஸ்பெக்டர் அம்மாவே அங்கே அனுப்பி வைத்தார். ஒரு சின்ன அறை. மாஜிஸ்திரேட்டும் ஒரு அம்மாதான், என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். டம்ளரை நான் கீழே வைத்ததும், "மெதுவா சொல்லும்மா, அவசரமில்ல" என்றார்.

போன புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமையிலிருந்து ஆரம்பித்தேன். நீயும் நானும் நைட் முடித்து வந்தோம். அப்பா நாமம் போட்டுக்கொண்டு பூஜைக்கு உட்கார்ந்திருந்தார், அதனால் எனக்குத் தேதி மறக்காது. அண்ணன் அறையைப் பூட்டினான். "அவங்கப்பா கார் தரேன்னு சொல்ற வரிக்கும் இவள தூங்க வுடாதம்மா. தானா போன் பண்ணுவா" என்று அம்மாவிடம் சொன்னான். என் காதால் கேட்டேன். அம்மா பாயை எடுத்தாள். என் கண்ணால் பார்த்தேன். அந்த வாரம் மட்டுமில்லை, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நைட் வாரமும் நடந்தது. கட்டில் எப்போது வந்தது என்று கேட்டார். இந்தச் சித்திரை பிறக்கிறதுக்கு முன்னால், மெத்தைக் கவர் இன்னும் பிரிக்கவில்லை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ, அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

நீ என்ன செய்தாய் என்று கேட்டார். அறைக்குக் கூப்பிட்டேன், அப்புறம் கூப்பிடவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன் என்றேன். நீ அதை விட்டுவிட்டாய். நான் விடவில்லை.

கடைசியில், "யாராச்சும் வற்புறுத்தி இப்டி சொல்ல சொன்னாங்களா?" என்றார்.

"இல்ல மேடம். சொல்லாதேன்னுதான் வற்புறுத்துனாங்க. வட சுட்டுக் குடுத்து" என்றேன்.

அதையும் எழுதினார்களா என்று எட்டிப் பார்க்க முடியவில்லை.

காலையில் கிளம்பும்போது அப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். நீயும் வந்து சொல்லேன்ப்பா என்று கேட்டேன். ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். லாரி லாரியாகப் புதுக் கார்கள் போய்க்கொண்டிருந்தன. "நீ சொல்றத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அவர் அவ்வளவு பேசியே நான் பார்த்ததில்லை, அதனால் எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

அம்மா இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து எனக்கு நைட்.

பிரவீனா


பென்னலூர்
17 ஜூன் 2025, காலை

பிரவீ,

ஸ்டாம்ப் ஒட்டவில்லை. தலைமாட்டில் தண்ணீர்ச் செம்புக்குக் கீழே வைத்திருக்கிறேன், எழுந்ததும் பார்.

காலையில் கதவைத் திறந்தால் கம்பெனி யூனிஃபார்மோடு நீ நிற்கிறாய். "தூக்கம் வருது பூ" என்று மட்டும் சொன்னாய். உங்கள் அம்மா என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா?

நீ படுத்ததும் தூங்கிவிட்டாய், சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. நேற்று மெர்சி அக்கா போன் பண்ணினார். ஐகோர்ட்டில் அவர்கள் போட்ட ரத்து மனு தள்ளுபடி ஆகிவிட்டது. ஒருத்தியைத் திட்டமிட்டுத் தூங்க விடாமல் செய்தது கொடுமையா இல்லையா என்பதைச் சாட்சிகளை விசாரித்துத்தான் சொல்ல முடியும், கூடுதல் வாக்குமூலத்தில் யார் என்ன செய்தார் என்று குறிப்பாக இருக்கிறது, விசாரணையைச் சந்திக்கட்டும் என்று ஜட்ஜ் சொன்னாராம். ஜெயித்துவிட்டோம் என்று இல்லை. இன்னும் எத்தனை வாய்தாவோ, கூண்டில் ஏறி எத்தனை கேள்வியோ. ஆனால் கேஸ் நிற்கிறது. மாமாவிடம் சொன்னேன். "அந்த நாத்தனா புள்ள சாப்பிட்டாளான்னு கேளுட்டி" என்றார்.

உன் நம்பரை அன்பிளாக் செய்துவிட்டேன். அதற்காகக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடாதே, போனில் நீ இவ்வளவு ஒழுங்காகப் பேசுவதில்லை.

இட்லி மூடி வைத்திருக்கிறேன். ஃபேன் ரெகுலேட்டரை மூன்றுக்கு மேல் திருப்பாதே, சத்தம் போடும். கேன் தண்ணீர் போட வருகிறவரைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டேன். பக்கத்து ரூமில் மிக்ஸி போடாதே என்று சொல்லியாயிற்று. கதவை வெறுமனே சாத்திவிட்டு நான் இங்கே கிடைத்த புது வேலைக்குப் போகிறேன். உன்னை யாரும் எழுப்ப மாட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமானால் நானே வந்து எழுப்புகிறேன். அதுவரைக்கும் தூங்கு.

பூ